கர்ப்பப்பையில் நான்கு கட்டிகள்: எடுத்துத்தான் ஆகவேண்டுமா?

முலுண்டில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 43. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி மும்பைக்கு வந்தவர். தாதரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறார். மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு, பையன் எட்டாவது. இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தாகிவிட்டது.

இரண்டு வருடமாக மாதவிடாய் எட்டு நாள், ஒன்பது நாள் இழுக்கிறது. முதல் மூன்று நாள் கட்டி கட்டியாக உதிரம் போகிறது. லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும், எழுந்திருக்கும்போது சீட்டில் கறை இருக்குமோ என்று நின்றுகொண்டே போகிறார். போன வருடம் திருப்பதி போவதற்காக, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். அதை நிறுத்திய பின் வந்த போக்குதான் இதுவரை வந்ததிலேயே மோசமாம். ஹீமோகுளோபின் 7.6. ஸ்கேனில் நான்கு ஃபைப்ராய்டுகள், பெரியது 6.5 செ.மீ. கர்ப்பப்பை பன்னிரண்டு வாரக் கர்ப்பத்தின் அளவுக்கு இருக்கிறது. வலது சினைப்பையில் 2.5 செ.மீ. நீர்க்கட்டி ஒன்று.

பார்த்த டாக்டர் இந்தியும் ஆங்கிலமுமாக ஏதேதோ விளக்கினாராம். 'நிகால்னா படேகா' (எடுத்தே ஆக வேண்டும்) என்ற ஒன்றுதான் இவர் மனதில் நின்றிருக்கிறது. கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட வேண்டும், அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். கணவரின் கம்பெனி இன்சூரன்ஸ் மார்ச் 31-ல் முடிவதால் அதற்குள் முடித்துவிடலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஃபார்மிலும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. மாமியார், "ரெண்டு பெத்தாச்சு, இனி பை எதுக்கு?" என்கிறார். ஊரில் இருக்கும் அக்கா, மலைவேம்புச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்கிறார். "கட்டி என்றால் கேன்சர்தானே டாக்டர்? பிராய்லர் கோழி சாப்பிட்டதால் வந்ததா? மெனோபாஸ் வரை தள்ளிப்போட முடியாதா?" என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில், சிறிய எழுத்தில், "எடுத்தபின் நான் பழையபடி இருப்பேனா?" என்றும்.

அன்புச் சகோதரிக்கு,

கேன்சர் பயத்தில் தொடங்குகிறேன், அது இருக்கும்வரை மற்ற எதுவும் காதில் ஏறாது. ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பைச் சுவரின் மென்தசையிலேயே வளரும் சாதாரணக் கட்டி. ஒரே ஒரு தசைச் செல் தப்பாகப் பெருகி இப்படி ஒரு உருண்டையாகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் அதற்குத் தீனி. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. சார்கோமா என்ற புற்றுநோய் பார்வைக்கு ஃபைப்ராய்டு போலவே இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது மிக அரிது, சாதாரண ஃபைப்ராய்டு மாறி அதுவாவதாகவும் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவதில்லை. மெனோபாஸுக்குப் பிறகு ஒரு கட்டி வளர்ந்தால் நாங்கள் உஷாராவோம். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படிச் சந்தேகப்பட வைக்கும் எதையும் நான் பார்க்கவில்லை.

கோழிக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நிரூபணம் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் காரணம் இல்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை.

நான்கில் எது குற்றவாளி?

ரிப்போர்ட்டின் போட்டோவை நீங்கள் இணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எல்லோரும் 6.5 செ.மீ. கட்டியைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள். அது கர்ப்பப்பையின் வெளிப்பக்கம், முன்புறமாக வளர்ந்திருக்கிறது. வெளியே இருக்கும் கட்டி எவ்வளவு பெரியதானாலும் மாதப்போக்கை அதிகப்படுத்துவது அபூர்வம். இன்னும் இரண்டு சுவருக்குள் புதைந்திருக்கின்றன, 3 செ.மீ., 2 செ.மீ. நான்காவது வெறும் 2.2 செ.மீ. ஆனால் அதன் பெரும்பகுதி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதாக ரிப்போர்ட்டின் மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறது. உங்களைப் படுத்துவது அனேகமாக இந்தச் சின்னதுதான். உள்வரிச் சவ்வை அது நீட்டிக் குலைத்துவிடுவதால் ரத்தம் சீக்கிரம் நிற்பதில்லை.

உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவர்கள் ஃபைப்ராய்டுகளை 0 முதல் 8 வரை எண் போட்டுத்தான் குறிக்கிறோம். 0, 1, 2 என்றால் உள்ளறைப் பக்கம், 5, 6, 7 என்றால் வெளிப்பக்கம். அளவை வைத்து அல்ல, இருக்கும் இடத்தை வைத்து. உங்கள் சின்னக் கட்டி வகை 1 போலத் தெரிகிறது. அடுத்த முறை டாக்டரிடம், "எத்தனை, எவ்வளவு பெரிசு என்பதை விடுங்கள் மேடம், எந்த வகை என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பேச்சே வேறு தளத்துக்கு மாறிவிடும்.

பெரியதை முழு நிரபராதி என்றும் சொல்ல மாட்டேன். ரயில் ஏறுவதற்கு முன் கட்டாயம் பாத்ரூம் போயாக வேண்டியிருக்கிறது, தாதர் வரை தாங்குவதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முன்புறக் கட்டி மூத்திரப்பையை அழுத்தினால் அப்படி ஆகும். அது உங்களுக்கு எவ்வளவு தொல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சமாளிக்கலாம் என்றால் ஒரு வழி, தாங்க முடியவில்லை என்றால் வேறு வழி.

வியாழக்கிழமை அவசரம் எதற்கு?

இப்போது உங்கள் உடம்பில் உண்மையான அவசரம் ஒன்றே ஒன்றுதான்: 7.6 என்ற அந்த எண். 12-க்குக் கீழே போனாலே ரத்தச்சோகை, 8-க்குக் கீழே என்றால் தீவிரமானது. மாடிப்படியில் மூச்சு வாங்குவதும் தலைமுடி கொட்டுவதும் வயதானதால் இல்லை, இதனால்தான் இருக்கும். இந்த நிலையில் பெரிய ஆபரேஷனுக்குப் போனால் ரத்தம் ஏற்றும் தேவை கூடும், காயம் ஆறுவதும் தாமதமாகும். திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன் என்றால் 10-க்கு மேலாவது ஏற்றிக்கொண்டு போவதுதான் முறை.

இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு, காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் பக்கத்தில் வராமல் பார்த்துச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் முடிந்தால் நல்லது. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு. காலை டிபனுக்குப் பின் ஃபில்டர் காபி, அதோடு மாத்திரை என்ற பழக்கம் நம் வீடுகளில் நிறைய. அந்த மாத்திரையில் பாதி வீண். உங்கள் அளவுக்கு மாத்திரை மெதுவான வழி என்பதால், ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றலாமா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு முறை ட்ரிப் போட்டாலே சில வாரங்களில் நல்ல வித்தியாசம் தெரியும்.

கூடவே போக்கையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மாத்திரையை அதிகம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போக்கு ஓரளவு குறையும். அது ஹார்மோன் இல்லை. ஆனால் காலில் அல்லது நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் எடுக்கக் கூடாது. எனவே டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான். திருப்பதிக்காகக் கடையில் வாங்கிப் போட்டீர்களே, அது வேறு: புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன். அதை நிறுத்தினால் தள்ளிப்போன போக்கு வந்தே தீரும், உள்ளே ஒரு கட்டியும் இருந்தால் பலமாக வரும். உங்களைத் திட்டவில்லை. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில் என்று ஆளாளுக்கு வாங்கிப் போடும் மாத்திரை அது. இனிமேல் கேட்டுவிட்டுப் போடுங்கள் என்கிறேன்.

இன்னும் மூன்று பரிசோதனைகள் பாக்கி. நாற்பதைக் கடந்து இவ்வளவு போக்கு இருக்கும்போது, கர்ப்பப்பை உள்வரியில் ஒரு துளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். உங்கள் காகிதங்களில் அது இல்லை. உள்வரியில் கேன்சர் இருக்குமோ என்ற கவலைக்குப் பதில் கொடுக்கிற சோதனை இதுதான். அதோடு தைராய்டும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் பாப் ஸ்மியரும். பயாப்ஸி பார்க்காமல் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி கொடுத்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

என்னென்ன வழிகள் இருக்கின்றன

உங்களுக்கு முதலில் பேச வேண்டிய வழி, உள்ளறையில் இருக்கும் அந்தச் சின்னக் கட்டியை மட்டும் ஹிஸ்டெரோஸ்கோபி வழியாக எடுப்பது. வயிற்றில் தையல் கிடையாது. யோனி வழியாக மெல்லிய கேமரா கருவியை உள்ளே விட்டு, கட்டியைச் செதுக்கி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்று மாலையே அல்லது மறுநாள் வீடு. ஒரு வாரத்துக்குள் கடைக்குப் போகலாம். கட்டி சுவருக்குள் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருந்தால் இரண்டாவது தடவையும் தேவைப்படலாம். மற்ற மூன்றும் அப்படியே இருக்கும், மூத்திரத் தொல்லையும் இதனால் தீராது. இது எல்லா இடத்திலும் செய்கிற வேலை இல்லை, இதில் கை பழகியவர் வேண்டும். சில இடங்களில் நேராக 'எடுத்துவிடலாம்' என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

அதற்குப் பிறகும் போக்கு மிச்சமிருந்தால், ஹார்மோன் சுரக்கும் ஐ.யு.டி. ஒன்றை உள்ளே வைக்கலாம். காப்பர்-டி போலத் தோன்றும், ஆனால் வேலை நேர் எதிர். காப்பர்-டி போக்கைக் கூட்டலாம், இது குறைக்கும். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும், பொறுக்க வேண்டும். உள்ளே கட்டி இருக்கும்போதே வைத்தால் நழுவி விழுந்துவிட வாய்ப்பு அதிகம், எனவே வரிசை மாறக் கூடாது.

கட்டிகளுக்கு ரத்தம் போகும் குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் இன்னொரு வழி. தொடை அல்லது மணிக்கட்டில் சின்னத் துளை, ரேடியாலஜி டாக்டர் செய்வார். முதல் நாள் வலி பலமாக இருக்கும். பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தயங்குவோம். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. பெரியதும் சுருங்கும் என்பதால் மூத்திரத் தொல்லைதான் முக்கியம் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். சில வருடங்களில் மறுபடி சிகிச்சை தேவைப்படுபவர்களும் உண்டு.

மாதாமாதம் போடும் ஹார்மோன் ஊசியால் கட்டி சுருங்கும், மாதவிடாயும் நிற்கும். நிறுத்தியதும் பழையபடி வளரும். எலும்பைப் பாதிப்பதால் ஆறு மாதத்துக்கு மேல் தனியாகப் போடுவதில்லை. ஆபரேஷனுக்கு முன் ரத்தம் ஏற இடைவெளி கொடுக்க நல்ல உதவி.

மலைவேம்பு, கழற்சிக்காய் இரண்டும் ஃபைப்ராய்டைக் கரைத்ததாக நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அக்காவின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், சாறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் அதை நம்பிக் காத்திருக்கும் அளவுக்கு உங்களிடம் ரத்தம் இல்லை.

மெனோபாஸ் வரை தள்ளிப்போட முடியுமா என்ற கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை, நிறையப் பேர் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. பிறகு கட்டிகள் சுருங்கும், மறையாது. ஆனால் உங்களுக்கு 52 வரைகூடப் போகலாம். போக்கைக் கட்டுப்படுத்திக்கொண்டு காத்திருப்பது சரி. 7.6-ஓடு சும்மா காத்திருப்பது கூடாது.

கர்ப்பப்பையை எடுப்பது என்று முடிவானால்

அதுவும் நியாயமான முடிவுதான். "போதும் டாக்டர், ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லி, செய்துகொண்டு, நிம்மதியாக இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். ஃபைப்ராய்டுக்கு நிரந்தரமான தீர்வு அது ஒன்றுதான். ஆனால் அந்த முடிவு உங்களிடமிருந்து வர வேண்டும், இன்சூரன்ஸ் காலண்டரில் இருந்து வரக் கூடாது. மார்ச் 31 ஒரு மருத்துவக் காரணம் ஆகாது. கம்பெனியின் குரூப் பாலிசி பெரும்பாலும் ஏப்ரலில் புதுப்பிக்கப்படும், கணவரை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யச் சொல்லுங்கள். தனியாக புதுப் பாலிசி எடுத்தால்தான் இதற்கெல்லாம் இரண்டு வருடம் போலக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள்.

சினைப்பைகளை எடுப்பதற்கு மட்டும் நான் உறுதியாகக் குறுக்கே நிற்பேன். அந்த 2.5 செ.மீ. நீர்க்கட்டி, ரிப்போர்ட்டின்படி, மாதாமாதம் வந்து போகும் வகை. மாதவிடாய் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் செய்தால் காணாமலே போயிருக்கலாம். 43 வயதில் நல்ல சினைப்பை இரண்டையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ்: உடம்பு கொதிப்பு, தூக்கமின்மை, பின்னாளில் எலும்பு தேய்மானம், இதய நோய். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பது வேறு விஷயம். சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பை அது குறைக்கும், அதற்குத் தாராளமாகச் சம்மதிக்கலாம்.

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோபியில் செய்வதானால், கர்ப்பப்பையை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்று கேளுங்கள். மிஷின் போட்டுத் துண்டாக்கினால், தப்பித்தவறி உள்ளே சார்கோமா இருந்தால் வயிறு முழுக்கச் சிதறும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2014-ல் எச்சரித்தது. சிதறாதபடி ஒரு தனி உறைக்குள் வைத்துத் துண்டாக்கும் முறை இருக்கிறது. எப்படிச் செய்தாலும் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. காலை நேர முலுண்ட் ரயிலையும் அதுவரை மறந்துவிடுங்கள்.

இனி அந்தக் கடைசி வரி. சினைப்பை இருக்கும்வரை உங்கள் ஹார்மோன் உங்களிடம்தான் இருக்கும். கர்ப்பப்பை போவதால் ஆசை போகாது, தாம்பத்தியமும் போகாது. காயம் ஆறியபின், போக்கும் வலியும் இல்லாததால் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களே அதிகம். சிலருக்கு மனசு கொஞ்ச நாள் கனக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. சினைப்பையை விட்டுவைத்தாலும் மெனோபாஸ் சற்று முன்னதாக வரலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து போட்டாகிவிட்டதே என்றால்

போட்ட சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை அந்த உரிமை உங்களுடையது. 2008-ல் டெல்லியில் இருந்து வந்த ஒரு வழக்கு: உள்ளே பார்த்துச் சோதிக்க மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு அவசரம் இல்லாதபோது, சுயநினைவுள்ள வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை வேறு யாரும் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவருக்கும் மாமியாருக்கும் அதே விதிதான். அவர்கள் கருத்து சொல்லலாம்.

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது கற்பனைக் கவலையும் இல்லை. நாம் இருக்கும் இதே மகாராஷ்டிராவில், பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களுக்கு இப்படி நடந்தது 2019-ல் பெரிய விவகாரமாகி, மாநில அரசு விசாரணைக் குழு போட்டது. 2023-ல் உச்ச நீதிமன்றம், இதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் டாக்டரை நான் சந்தேகப்படவில்லை. ரத்தம் குறைந்த நோயாளியைப் பார்த்துப் பதறியிருக்கலாம். இரண்டாவது கருத்து கேட்பது அவரை அவமதிப்பதும் இல்லை.

எழுத்தில் கேட்டால் உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் வாங்குங்கள். செலவு கவலை என்றால் சயான், பரேல் கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளின் மகளிர் பிரிவில் கேஸ் பேப்பர் எடுத்துக் காட்டலாம். வரிசை நீளம், அரை நாள் லீவு போடுங்கள். இந்தி தடுமாறினால் மூத்த பெண்ணைக் கூட்டிப் போங்கள். பன்னிரண்டாவது படிக்கிற பெண்ணுக்கு இது தெரிந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. அவளுக்கும் நாளைக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதால், தெரிந்திருப்பதே நல்லது.

நாளைக் காலையே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வியாழக்கிழமை தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். "ஹீமோகுளோபினை ஏற்றிக்கொண்டு, பயாப்ஸி பார்த்துவிட்டு வருகிறேன்" என்றால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. இதற்கிடையில் ஒரு மணிக்கு ஒரு நாப்கின் வீதம் நனைந்து அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, நெஞ்சு படபடத்து மூச்சு திணறினாலோ, இரவானாலும் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் அதையும் புது ஹீமோகுளோபின் எண்ணையும் எழுதுங்கள், அடுத்தது என்ன என்று அதை வைத்துப் பேசுவோம்.